போய்த் திரும்பும் உரிமை: சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களின் பயண வரலாறு

குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இன்று சப்ரகமுவ மாகாணம் நல்ல இடம். கித்துல்கலையில் களனி கங்கையின் பாய்ச்சலில் படகோட்டலாம். 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த கரை அது. பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் காப்பகம் இருக்கிறது. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ மழைக்காடும், உடவளவைத் தேசியப் பூங்காவும் இரத்தினபுரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்கள் சில, விருந்தினர் தங்கும் விடுதிகளாகிவிட்டன. அந்த விருந்தினர் வரும் பாதையின் ஓரத்திலேயே லயங்கள் நிற்கின்றன. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் நாலைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் அவை. இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது அனுதாபத்தோடு சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு: லயத்தில் பிறந்து, மலையில் உழைத்து, தோட்டத்து மண்ணிலேயே அடங்கியவர்கள், உல்லாசப் பயணம் என்பதையே அறியாதவர்கள். இரக்கத்தில் சொல்வதானாலும் அது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்று. ஓயாமல் பயணம் செய்தவர்களை, ஓரிடத்தில் நட்ட மரமாக அது ஆக்கிவிடுகிறது.

குடும்பத்தோடு சில நாள் வெளியே போய் வருவதற்கு என்னென்ன வேண்டும்? வேலையிலிருந்து விடுப்பு வேண்டும், கையில் காசு வேண்டும், போக வழி வேண்டும். இந்த மூன்றையும்தான் எல்லோரும் எண்ணிப் பார்க்கிறோம். நான்காவதாக ஒன்று உண்டு. அது கிடைத்தவர்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லை. திரும்பி வரும்போது வீடும் வேலையும் ஊரும் நம்முடையனவாகவே இருக்க வேண்டும். சப்ரகமுவத் தோட்டங்களின் கடந்த ஒன்றரை நூற்றாண்டைப் பார்த்தால், தொழிலாளர் குடும்பங்கள் முதல் மூன்றையும் எப்படியோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதைத்தான் சட்டமும் நிர்வாகமும் காலத்துக்கொரு விதமாக அவர்களிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்டன. ஒரு காலத்தில் அவர்களுடைய பயணம் தப்பியோட்டமாகக் கணக்கிடப்பட்டது. பிறகு நோய் பரப்பும் வழியாக. பிறகு இந்த நாட்டைச் சேராதவர்கள் என்பதற்குச் சாட்சியாக. கடைசியில் சம்பளத்தில் விழுந்த ஓட்டையாக. ஆகவே இவர்களின் ஓய்வுப் பயண வரலாற்றை, போய்த் திரும்பும் உரிமைக்கான வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியே நடந்து, நோயிலும் பசியிலும் பாதி வழியில் விழுந்தவர்கள் போக மீதிப்பேர் தோட்டம் சேர்ந்தார்கள். தேயிலையும் அதற்குப் பின் இறப்பரும் வந்த பிறகு, ஆண்டு முழுவதும் கை தேவைப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பங்கள் குடியமர்ந்தன. குடும்பமாக வந்ததும் பயணத்தின் தன்மை மாறியது. தனியாள் தோட்டத்தை விட்டுப் போனால் ஒரு பேர் குறையும். குடும்பம் போனால் மூன்று நாலு பேர் குறையும். அதைத் தடுக்க ஏற்பாடு முன்பே இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவதையும் தக்க காரணமின்றி வராமல் நிற்பதையும் குற்றமாக்கியது. சம்பளம் பறிபோகும், அபராதம் உண்டு, சிறையும் உண்டு. வேலைக்கு வராதது இன்று ஒரு நாள் சம்பளத்தோடு முடிகிற விஷயம். அன்று அது நீதவான் முன் கொண்டு நிறுத்தும் விஷயம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் பிந்தி வந்தவரும் தப்பியோடியவரும் ஒரே சட்டத்தின் வாயில் விழக்கூடியவர்களாக இருந்தார்கள்.

சட்டத்துக்குத் துணையாகத் துண்டு முறை இருந்தது. துண்டு என்பது ஒரு சிறு கடிதம்: ஆட்களைக் கூட்டி வந்து மேய்த்த இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு கடன் தர வேண்டும், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. வழிச்செலவு, அரிசி, கம்பளி, முன்பணம் என்று ஆள் வந்து இறங்கிய நாளிலிருந்து கடன் ஏறிக்கொண்டே இருந்ததால், துண்டில் எழுதிய தொகை குடும்பத்தின் கழுத்தில் தொங்கியது. வெளியே போகலாம், ஆனால் போகிற இடத்தில் நிற்க முடியாது. திரும்பி வந்தால் கடன் கூடியிருக்கும். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்ற ஏற்பாடும் அதையொட்டியே நீங்கியது. இந்த மாற்றத்தைக் கூலிச் சீர்திருத்தமாக மட்டும் வரலாற்று நூல்கள் சொல்லிச் செல்கின்றன. குடும்பங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், சிறை அச்சம் இல்லாமல் நாலு நாள் வெளியே போய் வரலாம் என்ற நிலை அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் முதன்முதலாக ஏற்பட்டது.

இதற்கிடையே பயணி ஒருவர் தன் உடம்பில் கட்டிக்கொண்டு வந்த பொருளொன்றைக் கவனிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது தகர டிக்கெட் முறை. நடுவே துளையிட்ட சிறிய உலோக வில்லை. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஒரு வரிசை எண். நூலில் கோத்துக் கட்டிக்கொண்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி கேட்காமல் தோட்டம் போய்ச் சேரலாம். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பயணத்தைச் சுலபமாக்கிய நல்ல ஏற்பாடு என்று அதிகாரிகள் அதைப் பாராட்டினார்கள், அதில் உண்மையும் இருந்தது. முந்தைய நடைப்பயணத்தில் மாண்டவர்களை நினைத்தால் அதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த வில்லையில் ஆளின் பெயர் இல்லை. தோட்டத்தின் எண் இருந்தது. வந்து சேரும் இடம் மட்டும் குறிக்கப்பட்ட பயணச்சீட்டு அது. தமிழகக் கரையில் மண்டபத்தில் இருந்த நோய்த்தடுப்பு முகாமும் இதே தன்மையது. கொலரா, அம்மை, பிளேக் பயத்தில் மூன்றாம் வகுப்புத் தொழிலாளர்களை அங்கே சில நாள் நிறுத்தி, துணிகளை வேகவைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் பழைய தோட்டத்து ஆட்களும் அந்த வாசல் வழியாகவே வரவேண்டியிருந்தது. அதே கப்பலில் முதல் வகுப்பில் வந்த துரைக்கு அந்த முகாமில் வேலை இருக்கவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணக் கணக்கே மாறிப்போனது. போட் மெயில் என்று எல்லோரும் சொன்ன அந்த ரயிலும் கப்பலும் சேர்ந்த வழி, வாரக்கணக்கான பயணத்தை நாட்கணக்காக்கியது. சப்ரகமுவவுக்கு இதில் தனி வாய்ப்பு ஒன்று இருந்தது. கேகாலைத் தோட்டத்து ஆட்களுக்கு ரம்புக்கனை, பொல்காவலை நிலையங்கள் கிட்ட. இரத்தினபுரிப் பக்கத்தாருக்கோ களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை: இரண்டரை அடி அகலம், சின்னஞ்சிறு பெட்டிகள். 1902இல் அவிசாவளை, 1903இல் எட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓபநாயக்க என்று அது நீண்டது. இறப்பரையும் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை அது. ஆனால் சரக்குக்குப் போட்ட பாதையில் மனிதர்களும் ஏறுவார்கள். கொழும்பில் ஆடிவேல் திருவிழா பார்க்கவும், அடுத்த தோட்டத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போகவும், ஊருக்குப் போகும் வழியில் முதல் கட்டமாகவும் அந்தச் சின்னக் கோச்சி அவர்களுக்குப் பயன்பட்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை 1970களில் மறைந்தது. இரத்தினபுரி இன்று ரயில் இல்லாத ஊர். ஒரு காலத்தில் பலாங்கொடைக்குச் சற்றுக் கீழே வரை கோச்சி வந்தது என்பது இளையவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஊருக்குப் போய் வந்ததை ஓய்வுப் பயணம் என்று எப்படிச் சொல்வது? அது கடமை, சாவு, கல்யாணம், காணித் தகராறு, குலசாமிக்குப் படையல் என்று போனது. மாதக்கணக்கில் தங்கியதும் உண்டு. உல்லாசம் எங்கே இருந்தது? இந்த மறுப்பில் நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஓய்வையும் கடமையையும் இப்படிப் பிரித்து வைப்பது நம் குடும்பங்களின் வழக்கத்தில் இல்லாத ஒன்று. இன்று கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திருவிழா பார்க்கப் போகிற குடும்பத்திடம் இது பக்தியா, உல்லாசமா என்று கேட்டால் அவர்கள் கேள்வியையே விளங்கிக்கொள்ள மாட்டார்கள். வேலையின் கட்டளை நிற்கிற இடத்தில், சொந்த பந்தத்தோடு, தாம் தேர்ந்துகொண்ட நாட்களைக் கழிப்பதுதான் ஓய்வென்றால், ஊர்ப் பயணம் அதுவேதான். மாதக்கணக்கில் நீண்டதற்கு முகாம் வாசமும் தூரமும் செலவும் காரணங்கள். ஒருமுறை போவதே பெரும்பாடு என்றால் யாரும் மூன்று நாளில் திரும்பமாட்டார்கள்.

தீவுக்குள்ளேயே செய்த பயணங்களில்தான் குறுகிய ஓய்வின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. அவற்றுள் முதலாவது சிவனொளிபாத மலை. 2,243 மீட்டர் உயரமுள்ள இந்த மலை இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் நிற்கிறது. பெரும்பாலோர் ஹட்டன் வழியாக நல்லதண்ணி வந்து ஏறுகிறார்கள். ஆனால் பழம்பெரும் பாதைகளில் ஒன்று இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாகப் போவது, இன்னொன்று குருவிட்டப் பக்கமிருந்து எரத்னை வழியாக. 1344இல் உலகப் பயணி இபுனு பதூதா ஏறிய மலை அது. பாறையில் பிடித்து ஏறுவதற்கான சங்கிலிகளை அவர் அப்போதே கண்டு எழுதியிருக்கிறார். பௌத்தர், சைவர், முஸ்லிம், கிறித்தவர் எல்லோருக்கும் உச்சியிலுள்ள பாதச்சுவடு உரியது. மார்கழியில் உந்துவப் பௌர்ணமிக்குத் தொடங்கி வைகாசி விசாகத்தோடு பருவம் முடியும். சப்ரகமுவத் தோட்டத்துக் குடும்பத்துக்கு இது கண்ணெதிரே தெரிகிற மலை. சாயங்காலம் புறப்பட்டு, இரவெல்லாம் ஏறி, விடியலைக் கண்டு, மறுநாள் வீடு வந்துவிடலாம். பாட்டியும் பேரனும் சேர்ந்து போகலாம். கட்டுச்சோறும் கருப்பட்டியும் போதும். விடுப்பு ஒருநாள், செலவு சொற்பம். இதைவிடக் கச்சிதமான குடும்பச் சிறுபயணம் எந்தக் கடற்கரை விடுதியிலும் கிடையாது.

இந்தப் பருவத்துக்குத் தோட்டத்து வேலையோடும் ஒரு பொருத்தம் இருந்தது என்று கருத இடமுண்டு. இரத்தினபுரி தீவின் மழை மிகுந்த மாவட்டங்களில் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இறப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் மரம் ஈரமாயிருந்தால் பால் வெட்ட முடியாது; பட்டை வழியே மழைநீர் இறங்கிச் சிரட்டையில் உள்ள பாலைக் கெடுத்துவிடும். மழைக்கால நாட்களில் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்குப் போய் நின்று, வேலையில்லை என்று கேட்டு, வெறுங்கையோடு திரும்பியவர்கள் இறப்பர்த் தோட்டத்து மக்கள். அது வேலையில்லாத நாள். அதை யாரும் ஓய்வு நாளாக நினைக்கவில்லை, நினைக்கவும் முடியாது. லயத்தின் ஒழுகும் கூரைக்கடியில் அடுப்பு எரியாமல் கழிந்த நாள் அது. தை, மாசி மாதங்களில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், மரத்துக்கு ஓய்வு கொடுப்பதும் உண்டு. வானமும் அப்போது வெளுத்திருக்கும். சிவனொளிபாத மலையின் பருவமும், தைப்பொங்கலும், மாசியில் வரும் காமன் கூத்தும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் பலவும் இந்தக் காலத்தில் கூடி வருவது தற்செயல் மட்டுமாக இருக்காது. மழை தந்த வெறும் நாட்களைப் பொறுத்துக்கொண்டு, வெயில் காலத்து நாட்களைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

கதிர்காமம் இதைவிடத் தூரம். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்திலிருந்து கீழ்நாட்டு வறண்ட வலயத்துக்குள் இறங்கிப் போகும் பயணம். ஆடி விழாவுக்கு நாடெங்குமிருந்தும் தோட்டத்து மக்கள் கூடினார்கள், அந்தக் கூட்டத்தை அரசு அச்சத்தோடு பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலராவைக் காரணமாகக் காட்டி யாத்திரிகர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, அனுமதிச் சீட்டு வழங்கினார்கள். கொழும்பு ஆடிவேல் விழாவே, கதிர்காமம் போக முடியாதவர்களுக்காக 1874இல் தொடங்கியது என்று சொல்லப்படுவதுண்டு. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனர்ட் வூல்ஃப், யாத்திரை முழுவதும் அங்கே தங்கி ஒழுங்கு பார்க்க வேண்டியிருந்தது. நோய் உண்மைதான், கொலரா கூட்டத்தில்தான் பரவியது. ஆனால் குடிநீரும் கழிப்பிடமும் அமைப்பதற்கு முன்னால் ஆளைக் குறைப்பதையே நிர்வாகம் மருந்தாக எடுத்துக்கொண்டது. ஏழைகள் கூடினால் அது சுகாதாரப் பிரச்சினை என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

இதே காலத்தில் பங்களாவில் இருந்தவரின் விடுமுறை எப்படி நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆங்கிலேயத் துரைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் சீமை லீவு உண்டு. அவர் போனதும் இன்னொருவர் ஆக்டிங் துரையாக வந்து இருப்பார். திரும்பியதும் பங்களாவும் பதவியும் அவருக்கே. யாரும் அவரைத் தப்பியோடியவர் என்று எழுதவில்லை. ஆறு மாதம் இங்கிலாந்தில் இருந்ததால் அவருக்கு இலங்கையில் பற்றில்லை என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிலாளியின் லயத்து அறையோ தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும்வரைதான் அறை. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் நடந்தது இதை வெளிச்சம்போட்டுக் காட்டியது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆண்டாண்டாக அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தபோது சொந்த அறையிலேயே அத்துமீறிக் குடியிருப்பவர்களானார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அதற்கெதிராகத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்குக் காணி தேவைப்பட்டது என்பது பொய்யல்ல. கோப்பிக்கும் இறப்பருக்கும் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பழைய அநீதியின் விலையை, அதைச் செய்யாதவர்களின் தலையில் கட்டியதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

பயணமே குற்றச்சாட்டாக மாறிய கட்டம் அடுத்து வந்தது. 1939இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தபோது, ஊருக்கு வந்திருந்தவர்கள் திரும்புவதும் சிக்கலானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு வாசல் திறந்தது: மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடைவிடாமல் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இடைவிட்டதாகும். தாயின் நோய்க்காகப் போய் ஓராண்டு தாண்டித் தங்கிவிட்டவருக்கு வாசல் அடைபட்டது. தோட்டத்தில் பதிவுப் புத்தகங்கள் சரியாக வைக்கப்படாத காலத்தில், எங்கும் போகவில்லை என்று நிரூபிப்பது போனதை நிரூபிப்பதைவிடக் கடினம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. போக்குவரத்து இருந்தால் இரு நாட்டுப் பற்றும் இருக்கலாம்தானே, அதைச் சட்டம் கேட்டது தவறா என்று சிலர் கேட்பார்கள். பற்று ஒன்றுக்கு மேல் இருப்பது குற்றமென்றால், அந்த அளவுகோல் துரைக்கும் செட்டியாருக்கும் வேலைக்கு வந்த எல்லோருக்கும் பொருந்த வேண்டும். உழைப்பை எடுத்துக்கொண்ட நாடு, உழைத்தவர் தாய் வீட்டுக்குப் போன நாட்களை எண்ணிப் பார்த்து அவரை அந்நியர் என்றது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே, நாடற்றவர்களைப் பங்கிடும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் பின்னால் பார்க்கலாம் என்று வைக்கப்பட்டார்கள், 1974இல் அவர்களும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான 1964இன் டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பழைய போட் மெயில் பாதை அத்தோடு முடிந்து, கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. ஒருகாலத்தில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஏற்றிச் சென்ற ரயிலில் இப்போது ஏறியவர்கள் திரும்பி வரப் போவதில்லை. வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று மலையகம் அதற்குப் பெயர் வைத்தது. தோட்டங்கள் 1972க்கும் 1975க்கும் இடையில் அரசுடைமையான வேளையில் பஞ்சமும் வந்தது. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983இலும் வன்முறை வந்தது. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் குறிவைக்கப்பட்டன. நுவரெலியாவைப்போல் பெருந்திரளாக இல்லாமல் சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்ந்ததால், சப்ரகமுவத் தமிழர் கூடுதலாக அடிபட்டார்கள். பிள்ளைகுட்டிகளோடு மூட்டை கட்டி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பலர். உள்நாட்டு யுத்த ஆண்டுகளில், அடையாள அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர்களுக்குக் கொழும்பு போய் வருவதே சோதனைச் சாவடிகளில் உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தந்து இந்த அத்தியாயத்தை மூடியது.

சட்டம், சட்டம் என்று பேசுகிறீர்கள், உண்மையான தடை வறுமைதானே என்பது இந்த வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு. கையில் காசில்லாதவருக்கு எந்த உரிமையும் பயணச்சீட்டு வாங்கித் தராது. நாட்சம்பளம் குறைவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் தோட்டத்துப் பெண்கள் சீட்டுப் பிடித்தும், தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கியும் பயணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். வறுமையும் சட்டமும் தனித்தனியாக நிற்கவும் இல்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகள் வந்தன. மே தினமும் பிறகு சேர்ந்தது. ஆனால் தனியார் கம்பனிகள் 1992இல் அரசிடமிருந்து தோட்ட நிர்வாகத்தை எடுத்த பின் வந்த கூட்டு ஒப்பந்தங்களைப் பாருங்கள். 2013இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். வருகைக்கான கொடுப்பனவு 140 ரூபாய், அதைப் பெற மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதமாவது வர வேண்டும். குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போய், அதோடு காய்ச்சலும் வந்துவிட்டால், அந்த நாலு நாள் சம்பளம் மட்டுமல்ல, வந்த நாட்களுக்கான 140 ரூபாயும் போகும். சட்டப்படி யாரும் தடுக்கவில்லை. ஆள்வரவுப் பதிவேடான செக்ரோலில் ஆப்சென்ட் என்று விழுந்த குறி தானாகவே வேலையைச் செய்தது. 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவு நீக்கப்பட்டது.

அந்த செக்ரோலை ஆய்வாளர்கள் படிக்கும் முறையும் மாற வேண்டும். தோட்ட நிர்வாக அறிக்கைகள் வராத நாட்களைக் கூட்டி, தொழிலாளர் ஒழுங்கின்மை என்று தலைப்பிட்டுவிடுகின்றன. அதே தோட்டத்தின் திருவிழா நாட்காட்டியையும், பாடசாலை விடுமுறையையும், சிவனொளிபாத மலைப் பருவத்தையும் பக்கத்தில் வைத்தால், அந்தக் குறிகளில் ஒரு பகுதி வேறு கதை சொல்லும் என்று எதிர்பார்க்கிறேன். 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாக, பிறைக்கேற்ப வரும் போயா நாட்களை வார விடுமுறையாக்கிய காலத்துப் பதிவுகளில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஓய்வு நாள் இடம் மாறியபோது பயணமும் இடம் மாறியதா என்பதை அவை காட்டும்.

இன்று தெரணியகலையிலிருந்தோ காவத்தையிலிருந்தோ பத்துக் குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, அதிகாலையில் சாப்பாட்டு அண்டாவை ஏற்றிக்கொண்டு, முன்னேஸ்வரமும் நீர்கொழும்புக் கடலும் பார்த்துவிட்டு இரவே திரும்புகிறது. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் காசு இந்தப் பயணங்களைத் தாங்குகிறது. தோட்டத்து வேலையை முற்றாக விட்டவர்களும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள், ஆகவே நான்காவது நிபந்தனை இன்னும் தீரவில்லை. சிறு காணித் துண்டில் தனிவீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் இந்திய உதவியோடும் அரச செலவிலும் நடக்கின்றன. நுவரெலியாவோடு ஒப்பிட்டால் சப்ரகமுவ பின்வரிசையில் நிற்கிறது. வீடு வந்த இடங்களிலும் எல்லோர் கைக்கும் காணி உறுதி வந்துவிடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் போனாலும் அந்தக் கதவு தங்களுடையதுதான் என்று எழுத்தில் காட்டும் தாள் அது. அமைச்சுகளும் கம்பனிகளும் அதைக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டிய கடன் 1865இலிருந்து பாக்கியிருக்கிறது.